ட்ரையல் ரூம் கதவுக்கு ஒரு தாப்பா போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் லால்குடி பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதறேன். உங்க பேப்பர் எங்க வீட்டுக்கு ரொம்ப வருஷமா வருது, காலையில எங்க மாமனார் படிச்சு முடிச்சதுக்கு அப்புறம் தான் எங்க கைக்கு வரும். இதுவரைக்கும் நான் லெட்டர் எதுவும் எழுதினதில்ல. இப்போ எழுதணும்னு தோணினதுக்கு காரணம் என் பொண்ணு. ப்ளஸ் ஒன் படிக்கிறா. இந்த தீபாவளிக்கு துணி எடுக்க போன இடத்துல அவளுக்கு நடந்தது இன்னும் மனசுல இருந்து போகவே மாட்டேங்குது, தீபாவளி முடிஞ்சு இத்தன நாள் ஆயிடுச்சு.

தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, நானும் பொண்ணும் என் மாமியாரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி மலைக்கோட்டை பக்கம் நடந்து போனோம். அந்த நேரத்துல அந்த பக்கம் எப்படி இருக்கும்னு திருச்சிக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, கைய பிடிச்சுக்கிட்டு தான் நடக்கணும். ஒரு பெரிய துணிக்கடைக்கு போனோம், பேர் சொல்ல விரும்பல, ஏன்னா இது அந்த ஒரு கடையோட பிரச்சன மட்டும் இல்ல, நான் போன முக்காவாசி கடையில இப்படி தான். மூணாவது மாடியில லேடீஸ் சுடிதார், டாப்ஸ், குர்தி எல்லாம். அந்த மாடி முழுக்க ஜனம். ட்ரையல் ரூம் மொத்தமே ரெண்டு, அதுல ஒண்ணுல அட்டப்பெட்டி அடுக்கி வெச்சிருந்தாங்க, தீபாவளி ஸ்டாக்காம். மிச்சம் இருந்த ஒரே ஒரு ரூமுக்கு வெளிய நாங்க போனப்போ பதினோரு பேர் நின்னாங்க, நான் எண்ணினேன்.

முக்கா மணி நேரம் நின்னு எங்க முறை வந்துச்சு. உள்ள எட்டி பாத்தேன். ப்ளைவுட் தடுப்பு, ஒரு ஆள் நின்னு கைய நீட்டினா ரெண்டு பக்கமும் இடிக்கும். மாட்டறதுக்கு ஒரே ஒரு ஆணி, அதுலயும் யாரோ விட்டுட்டு போன ஹேங்கர் தொங்குது. உக்கார ஸ்டூல் கிடையாது, கழட்டின துணிய தரையில தான் போடணும், தரையில தல முடியும் டேக் நூலும். இதெல்லாம் கூட பரவாயில்லன்னு வெச்சுக்கலாம். கதவுல தாப்பா இல்ல. தாப்பா இருந்த இடத்துல நாலு ஸ்க்ரூ ஓட்ட மட்டும் இருக்கு. தடுப்பு மேல கூரை வரைக்கும் போகல, தலைக்கு மேல திறந்து கிடக்கு, அதுக்கு அந்த பக்கம் ஸ்டாக் வெக்கிற ரேக்கு, அதுல ஒரு பையன் ஏணி போட்டு ஏறி பெட்டி எடுத்துக்கிட்டு இருக்கான். அந்த பையன் மேல எந்த தப்பும் இல்ல, அவன் வேலைய அவன் செய்யறான், ஆனா அவன் குனிஞ்சு பாத்தா உள்ள இருக்கறவங்க தெரிவாங்க.

என் பொண்ணு "வேணாம்மா"ன்னா. நான் தான் "நான் வெளிய கதவ பிடிச்சுக்கறேன், சீக்கிரம் போட்டு பாத்துட்டு வா"ன்னு உள்ள அனுப்பினேன். அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கவே கூடாது. ரெண்டு நிமிஷம் கூட ஆகல, என் மாமியாருக்கு கூட்டத்துல தல சுத்துதுன்னு சொன்னாங்க, நான் ஒரு நிமிஷம் திரும்பி அவங்கள பிடிச்சு ஓரமா உக்கார வெக்கறேன், அதுக்குள்ள வரிசையில பின்னாடி நின்ன ஒரு அம்மா ரூம் காலின்னு நெனச்சு கதவ இழுத்துட்டாங்க. உள்ள என் பொண்ணு பாதி போட்ட டாப்ஸோட. வெளிய பதினஞ்சு இருபது பேர், அதுல குடும்பத்தோட வந்த ஆம்பளைங்களும் இருந்தாங்க. அந்த அம்மாவும் பதறிப்போய் சாரி சாரின்னாங்க, அவங்க மேலயும் எனக்கு கோவம் இல்ல. ஆனா என் பொண்ணு பழைய துணிய போட்டுக்கிட்டு வெளிய வந்து ஒரு வார்த்த பேசாம மாடிப்படியில போய் உக்காந்து சுவத்து பக்கம் திரும்பி அழுதா. பதினாறு வயசு புள்ள. அன்னைக்கு வாங்கின எதையும் அவ பாக்க கூட இல்ல.

அந்த மாடியில நின்ன சேல்ஸ் பொண்ணு ஒருத்தி, இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும், ஓடி வந்து தண்ணி கொடுத்தா. "அக்கா, நான் எத்தனையோ தடவ சூப்பர்வைசர் சார் கிட்ட சொல்லிட்டேன், தீபாவளி முடியட்டும்னு சொல்றாங்க"ன்னா. அப்புறம் அவ சொன்ன இன்னொரு விஷயம் தான் என்ன தூங்க விடல, அந்த கடையில வேல பாக்குற பொண்ணுங்க காலையில வந்து யூனிஃபார்ம் புடவ மாத்தறதும் ராத்திரி கழட்டறதும் அதே ரூம்ல தானாம், ஒருத்தி மாத்தும்போது இன்னொருத்தி முதுக கதவுல கொடுத்து நிப்பாளாம். எங்களுக்கு வருஷத்துல ரெண்டு நாள், அவங்களுக்கு தினமும். 2021ல நம்ம தமிழ்நாடு அரசு தான் கடையில வேல பாக்கறவங்களுக்கு உக்கார இடம் கொடுக்கணும்னு சட்டத்துல திருத்தம் கொண்டு வந்தாங்க, அத பேப்பர்ல படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அந்த சட்டம் வந்ததுக்கு அப்புறமும் அந்த மாடியில நான் பாத்த வரைக்கும் ஒரு ஸ்டூல் கூட இல்ல.

எங்க காலத்துல இந்த பிரச்சனையே கிடையாது. தீபாவளின்னா கட்பீஸ் கடையில மீட்டர் கணக்குல துணி எடுப்போம், தெருக்கோடி டெய்லர் கிட்ட ஒரு அளவு ஜாக்கெட்டையோ அளவு பாவாடையையோ கொடுத்தா போதும், "வளர்ற புள்ள, உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டு தைங்க"ன்னு அம்மா சொல்லுவாங்க, அடுத்த வருஷம் அந்த தையல பிரிச்சு விட்டுக்கலாம். உடம்புக்கு தகுந்த மாதிரி துணி வந்துச்சு. கடையில போய் யாரும் எதையும் கழட்டி மாட்ட வேண்டியதில்ல. இப்போ எல்லாமே ரெடிமேட், அத நான் தப்புன்னு சொல்லல, டெய்லரும் கம்மியாயிட்டாங்க, கூலியும் ஏறிடுச்சு, துணி விலைய விட தையக்கூலி ஜாஸ்தி. ஆனா ரெடிமேட்னு வந்துட்டா போட்டு பாத்து தான் வாங்க முடியும். அப்போ அந்த ட்ரையல் ரூம்ங்கறது கடைக்காரர் நமக்கு பண்ற உபகாரம் இல்ல, துணி விக்கறதுல ஒரு பாகம் அது. அரிசிக்கடையில தராசு இருக்குற மாதிரி.

ஆம்பளைங்களுக்கு இது அவ்வளவா புரியறதில்ல, என் வீட்டுக்காரர் பனியன் மேலயே சட்டைய மாட்டி ஹால் கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துட்டு பில் போட போயிடுவாரு. அவர் கிட்ட இந்த விஷயத்த சொன்னப்போ "பெருசா எடுத்துக்காத, கூட்டத்துல இதெல்லாம் சகஜம்"னாரு. பொண்ணோட மூஞ்சிய பாத்ததுக்கு அப்புறம் தான் பேசாம ஆயிட்டாரு.

சரி, போட்டு பாக்காம ஒரு குத்துமதிப்பா எல் சைஸ் வாங்கிட்டு வந்தோம்னு வைங்க, அப்படி தான் வாங்கினேன், வீட்டுக்கு வந்து பாத்தா கை இறுக்கம், அக்குள் கிட்ட பிடிக்குது. திரும்ப எடுத்துட்டு போனா பில்லுக்கு பின்னாடி இருக்கறத காட்டறாங்க, ஆஃபர் பீஸ் எக்ஸ்சேஞ்ச் கிடையாதாம். என் நாத்தனார் மக லா காலேஜ்ல படிக்கிறா, அவ கிட்ட கேட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல, குறை இருக்குற பொருள திருப்பி எடுத்துக்க மாட்டேன்னு கடைக்காரர் சொன்னா அது நியாயமில்லாத வணிகம்னே இருக்காம், பில்லுல நாள் கணக்கு எதுவும் போடலன்னா 30 நாள் கணக்காம், புகார் சொல்ல 1915ன்னு நம்பர் கூட இருக்கு. ஆனா அது கிழிசல், சாயம் போறது மாதிரி குறைக்கு தான் அத்த, அளவு சேரலங்கறது குறையில வராதுன்னு சொல்லிட்டா. அப்போ பாருங்க, அளவு விஷயத்துல நம்மள காப்பாத்தறது அந்த ட்ரையல் ரூம் ஒண்ணு தான், அதுலயும் பெட்டி அடுக்கி வெச்சா நாங்க என்ன தான் பண்றது.

இதோட கேமரா பயம் வேற. இது வீண் பயம்னு யாரும் சொல்ல முடியாது, 2015 ஏப்ரல்ல கோவாவுல ஒரு துணிக்கடையில, அப்போ மத்திய அமைச்சரா இருந்த ஸ்மிருதி இரானியே துணி போட்டு பாக்க போனப்போ ட்ரையல் ரூம பாத்த மாதிரி கேமரா இருக்குன்னு பெரிய விஷயமாகி போலீஸ் கேஸ் ஆச்சு, எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. அமைச்சருக்கே அப்படின்னா பஸ்ல வந்து இறங்குற எங்க புள்ளைங்களுக்கு யார் இருக்கா. சட்டம் இல்லாம இல்ல. 2013ல ஐபிசில, அதாவது பழைய இந்திய தண்டனை சட்டத்துல, 354சின்னு ஒரு பிரிவ புதுசா சேத்தாங்க, இப்போ 2024 ஜூலை 1ல இருந்து அதுக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால அதுவே 77வது பிரிவு. ஒரு பொண்ணு தனியா இருக்கும்போது மறைஞ்சு பாத்தாலோ படம் எடுத்தாலோ முதல் தடவைக்கு ஒரு வருஷத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், திரும்ப பண்ணினா மூணுல இருந்து ஏழு வருஷம். தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்துல 66இன்னு ஒரு பிரிவு வேற இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். இதையும் நாத்தனார் மக தான் எழுதி கொடுத்தா. ஆனா சட்டம் எல்லாம் படம் எடுத்ததுக்கு அப்புறம் தானே வருது. அதுக்கு முன்னாடி ஒரு தாப்பா வரலாம்ல.

இன்னொரு விஷயம், பொண்ணுங்க எல்லாம் இப்போ மொபைல்ல ஒரு வீடியோ பாத்துட்டு கண்ணாடியில விரல் நகத்த வெச்சு பாக்கறாங்க, நகத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவுல இடைவெளி இருந்தா நல்ல கண்ணாடி, ஒட்டிக்கிட்டு தெரிஞ்சா அந்த பக்கம் ஆள் பாக்குற கண்ணாடின்னு. அத மட்டும் நம்பாதீங்கன்னு எல்லா அம்மாக்களும் சொல்லுங்க. கண்ணாடியில பூச்சு முன்பக்கம் இருக்கா பின்பக்கம் இருக்கான்னு தான் அதுல தெரியும். அந்த மாதிரி கண்ணாடி வேல செய்யறதே வெளிச்சத்த வெச்சு தான், நாம நிக்கிற பக்கம் பளிச்சுன்னும் அந்த பக்கம் இருட்டாவும் இருக்கணும். அதனால ரெண்டு கையையும் கண்ண சுத்தி கூப்பி வெச்சு கண்ணாடியில ஒட்டி பாக்கணும், இல்ல போன் டார்ச்ச கண்ணாடியோட ஒட்டி வெச்சு அடிச்சு பாக்கணும், பின்னாடி இடம் இருந்தா தெரிஞ்சிடும். சந்தேகமா எதாவது தெரிஞ்சா அத தொடாம, பிடுங்காம, வெளிய வந்து அவசர நம்பர் 112க்கோ பெண்கள் உதவி நம்பர் 181க்கோ போன் பண்ணுங்க, கடைக்காரங்க கிட்ட கொடுத்துட்டு வராதீங்க. இதெல்லாம் ஒரு துணி வாங்க போற புள்ள தெரிஞ்சு வெச்சிருக்கணும்ங்கற நிலம வந்துடுச்சேன்னு எனக்கு வயிறு எரியுது.

அன்னைக்கு ராத்திரி என் பொண்ணு கேட்ட கேள்வி வேற. "நான் குண்டா ஆயிட்டேனாம்மா"ன்னு கேட்டா. ஏன்டீன்னா, ஒரு டாப்ஸ்ல எம் சரியா இருந்துச்சாம், அடுத்தது எல் கூட ஏறலயாம், அப்போ தான் கதவ திறந்துட்டாங்களாம். ஒரே கடையில ஒரே ரேக்குல ஒரு கம்பெனி எம்மும் இன்னொரு கம்பெனி எல்லும் ஒண்ணா இருக்கு, இன்னொண்ணுல எக்ஸ்எல் போட்டா தான் மூச்சு விட முடியுது. நம்ம ஊர் உடம்புக்குன்னு ஒரு அளவு அட்டவணையே நமக்கு இல்லாம, ரொம்ப கம்பெனிங்க அமெரிக்கா, பிரிட்டன் அளவ வெச்சு அங்க இங்க மாத்தி தைக்கிறாங்க. இதுக்கு தான் நிஃப்ட், அந்த ஃபேஷன் டெக்னாலஜி காலேஜ், 2018ல ஒரு திட்டம் அறிவிச்சாங்க, ஆறு ஊர்ல 15 வயசுல இருந்து 65 வயசு வரைக்கும் 25,000 பேர மெஷின்ல ஸ்கேன் பண்ணி இந்தியாவுக்குன்னு அளவு கொண்டு வரப்போறோம்னு. அந்த அளவு எப்போ எங்க ஊர் கடை டேக்ல வரும்னு தான் நான் காத்துக்கிட்டு இருக்கேன், ஏன்னா அந்த ரெண்டு எழுத்து தான் எங்க வீட்டு புள்ளய சாப்பாட்டு தட்டுல பாதிய மிச்சம் வெக்க வெக்குது. அன்னைல இருந்து ராத்திரி ஒரு தோச தான் சாப்பிடறா. சைஸ் தான் தப்பு உன் உடம்பு தப்பு இல்லடான்னு நான் எத்தன தடவ சொன்னாலும் அம்மா சும்மா சொல்றாங்கன்னு நெனைக்கிறா.

அந்த ரூம் வெளிச்சமும் ஒரு காரணம். நேரா தலைக்கு மேல ஒரே ஒரு வெள்ள லைட்டு, கண்ணுக்கு கீழ கழுத்துக்கு கீழ எல்லாம் நிழல் விழுந்து நல்லா இருக்கற முகமே நோயாளி மாதிரி தெரியுது. முன்பக்கமா ஒரு லைட்டு போட்டா அந்த நிழல் போயிடும். துணியோட கலரும் சரியா தெரியும், உள்ள மெரூன்னு பாத்தது வெளிய வந்தா ப்ரவுனா இருக்கு.

கடைக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு, அத மறைக்க மாட்டேன். ட்ரையல் ரூம்ல துணி திருட்டு போகுது, உள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டு மேல பழச போட்டுக்கிட்டு போயிடறாங்க, லிப்ஸ்டிக் கறை பவுடர் கறை ஆக்கி வெச்சுட்டு போறாங்க, அப்புறம் அந்த பீஸ் விக்காது. அதனால சில கடையில தாப்பாவ வேணும்னே எடுத்துடறாங்கன்னு கூட கேள்விப்பட்டேன். ஆனா பெரிய மால் கடையில எல்லாம் வாசல்ல ஒரு பொண்ண நிறுத்தி எத்தன பீஸ்னு நம்பர் போட்ட டோக்கன் கொடுத்து, வெளிய வரும்போது எண்ணி வாங்கிக்கறாங்களே, அத இங்க செய்ய என்ன கஷ்டம். அந்த வேலைக்கு ஒரு பொண்ண ஸ்டூல் போட்டு உக்கார வெச்சா வரிசையும் ஒழுங்கா போகும், கதவ யாரும் இழுக்கவும் மாட்டாங்க. திருடன பிடிக்கறதுக்காக வர்றவங்க எல்லாரையும் திறந்த கதவுல நிக்க வெக்கறது எந்த ஊர் நியாயம்.

என் மாமியாருக்கு அறுபத்தெட்டு வயசு, முட்டி வலி, இப்போ எல்லாம் வெளிய போகும்போது சுடிதார் போட்டுக்கணும்னு அவங்களுக்கு ஆச, பஸ் ஏற சௌகரியமா இருக்கும்னு. ஆனா பேன்ட் மாத்தணும்னா ஒரு கால தூக்கணும், உக்கார இடம் இல்ல, பிடிச்சுக்க கம்பி இல்ல, நான் கூட உள்ள போகலாம்னா ரெண்டு பேர் நிக்க இடம் இல்ல. எங்க தெருவுல வீல்சேர்ல இருக்குற ஒரு பொண்ணு இருக்கா, டிகிரி முடிச்சு வேலைக்கு போறா, அவ இதுவரைக்கும் ஒரு தடவ கூட கடையில துணி போட்டு பாத்து வாங்கினதில்லயாம், அவங்க அம்மா தான் கண்ணளவுல எடுத்துட்டு வருவாங்களாம். மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டம் 2016லயே வந்துடுச்சு, அதுல தனியார் இடமும் சேத்தி தான். 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும், வசதி பண்ணி கொடுக்கறது கடைப்பிடிச்சா கடைப்பிடி இல்லன்னா விடுங்கற மாதிரி இருக்கக் கூடாது, கட்டாயமா இருக்கணும், மூணு மாசத்துல அதுக்கு விதி கொண்டு வாங்கன்னு மத்திய அரசுக்கு சொல்லுச்சு. மாடிக்கு லிஃப்ட் வெச்சிருக்கற கடைங்க, ஒரே ஒரு ட்ரையல் ரூம மட்டுமாவது வீல்சேர் உள்ள போய் திரும்பற அளவுக்கு கட்டலாமே.

நம்ம கடைக்காரங்க எல்லாரும் ஆன்லைன் வந்து வியாபாரத்த கெடுத்துடுச்சுன்னு சொல்றாங்க. எனக்கு அவங்க மேல அக்கற உண்டு, துணிய தொட்டு பாத்து நாலு பேர் கூட பேசி எடுக்கற சந்தோஷம் போன்ல வராது, அந்த கடைகள நம்பி எவ்வளவு பொண்ணுங்க வீடு நடக்குது. ஆனா என் பொண்ணு ஆன்லைன்ல கேக்கறது விலைக்காக இல்ல. வீட்டுக்கு வரும், எங்க ரூம் கதவ சாத்தி தாப்பா போட்டுக்கிட்டு நிதானமா போட்டு பாக்கலாம், சேரலன்னா திருப்பி அனுப்பிடலாம்னு தான் கேக்கறா.

போன வாரம் எங்க ஊர் ஹார்ட்வேர் கடைக்கு வேற வேலையா போனேன், அப்படியே கதவுக்கு உள்பக்கம் போடுற சின்ன தாப்பா என்ன விலைன்னு கேட்டேன். ஸ்க்ரூவோட சேத்து நூறு ரூபாய்க்குள்ள தான் சொன்னார். ஒரு ஆசாரிக்கு பத்து நிமிஷ வேல. அந்த தடுப்ப கூரை வரைக்கும் ஏத்தறதுக்கு ஒரு ப்ளைவுட் ஷீட்டு. ரெண்டு கொக்கி, ஒரு ஸ்டூல். ஒரு பட்டுப்புடவ லாபத்துல எல்லா மாடிக்கும் போட்டுடலாம். கடைக்கு லைசென்ஸ் கொடுக்கற மாநகராட்சி அதிகாரிங்களும், தொழிலாளர் துறையில கடைகள பாக்க வர்ற ஆய்வாளருங்களும் பில் புக்கையும் வருகைப் பதிவேட்டையும் பாக்கும்போது அப்படியே அந்த கதவையும் ஒரு தடவ உள்ள போய் சாத்தி பாக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன். பண்டிகை சமயத்துல ட்ரையல் ரூம்ல சரக்கு அடுக்கக் கூடாதுன்னும் யாராவது எழுத்துல சொல்லணும்.

பொங்கலுக்கு துணி எடுக்க திரும்ப திருச்சி போகணும். வர்ற ஞாயித்துக்கிழமை போலாமாடான்னு நேத்து ராத்திரி என் பொண்ணு கிட்ட கேட்டேன். ஹோம்வொர்க்ல இருந்து தலைய நிமிராமலே "நீங்களே எடுத்துட்டு வாங்கம்மா, எது எடுத்தாலும் சரி, பெரிய சைஸா எடுங்க, நான் வரல"ன்னு சொல்லிட்டா.

இப்படிக்கு,
லால்குடி வாசகி